ஹை-சைட் சுவிட்சில் இன்ரஷ் மின்னோட்டம்: எந்தக் கேள்விக்கு எந்தச் சிமுலேஷன்?

24 வோல்ட் லைன். அதில் ஹை-சைட் சுவிட்சாக, அதாவது பிளஸ் பக்கத்தில் லோடுக்கு முன்னால் நிற்கும் சுவிட்சாக, ஒரு என்-சேனல் மாஸ்ஃபெட். அதற்குப் பின்னால் லோடு போர்டு. போர்டின் நுழைவிலேயே 2200 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். சுவிட்ச் ஆன் ஆகும் கணத்தில் அந்தக் காலிக் கெப்பாசிட்டர் ஷார்ட் சர்க்யூட்டுக்குச் சமம். அப்போது பாயும் மின்னோட்டம்தான் இன்ரஷ். தொழிற்சாலைக் கன்ட்ரோல் பேனல்களிலும், ரிலேயையும் உருகும் ஃபியூஸையும் விட்டு எலெக்ட்ரானிக் சுவிட்சுக்கு மாறிவரும் வண்டிகளிலும் இதே சர்க்யூட்தான் திரும்பத் திரும்ப வருகிறது. போர்டை ஃபேப்ரிகேஷனுக்கு அனுப்புவதற்கு முன் சிமுலேட் செய்து பார்த்துவிடு என்று எல்லோரும் சொல்வார்கள். எதில் செய்வது, எந்த மாடலை வைத்து, எவ்வளவு நுணுக்கமாக என்று யாரும் சொல்வதில்லை.

நம் கையில் நான்கு வழிகள் உண்டு. தாளில் போடும் கைக்கணக்கு. ஸ்பைஸ் என்ற பொதுவான சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில் நாமே கட்டும் சர்க்யூட். சிப் தயாரிப்பாளர் தரும் மாடல். வெப்பத்தையும் சேர்த்து ஓட்டும் எலெக்ட்ரோ-தெர்மல் மாடல். இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஏனென்றால் இன்ரஷ் என்ற ஒரே பெயருக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: எவ்வளவு மின்னோட்டம் பாயும்? சுவிட்ச் அதைத் தாங்குமா? லோடு ஒழுங்காக ஸ்டார்ட் ஆகுமா? ஒரு கேள்விக்குச் சரியான கருவி இன்னொன்றுக்குத் தவறான நம்பிக்கையைத் தரும். ஆகவே முதலில் கேள்வியைப் பிடிப்போம், பிறகு கருவியை.

தாளில் எவ்வளவு தூரம் போகலாம்

கைக்கணக்கை யாரும் மதிப்பதில்லை. ஆனால் முதல் கேள்விக்கு அது பெரும்பாலும் போதும். கெப்பாசிட்டருக்குள் போகும் மின்னோட்டம் என்பது கெப்பாசிட்டன்ஸையும் வோல்டேஜ் ஏறும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. 2 ஆம்பியருக்குள் நிறுத்த வேண்டுமென்றால் வோல்டேஜ் நொடிக்கு 909 வோல்ட் வேகத்தில் ஏற வேண்டும். 24 வோல்ட்டை எட்ட 26.4 மில்லி செகண்ட் ஆகும். என்-சேனல் மாஸ்ஃபெட் இங்கே சோர்ஸ் ஃபாலோயராக (கேட் என்ற கட்டுப்பாட்டுக் காலை, அவுட்புட்டான சோர்ஸ் கால் பின்தொடரும் முறை) வேலை செய்வதால் கேட் எந்த வேகத்தில் ஏறுகிறதோ அதே வேகத்தில் அவுட்புட்டும் ஏறும். டிரைவரின் சார்ஜ் பம்ப் (கேட்டுக்கு சப்ளையை விட உயர்ந்த வோல்டேஜை உண்டாக்கும் பகுதி) 20 மைக்ரோ ஆம்பியர் தந்தால், கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 22 நானோஃபாரட் வைத்தால் சரியாக அந்த வேகம் வந்துவிடும். கால்குலேட்டரில் அரை நிமிட வேலை.

வரம்புகளையும் இதே தாளில் பார்த்துவிடலாம். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் 20% கூடுதலாக இருக்கலாம். கேட் கெப்பாசிட்டர் 10% குறையலாம். அது மட்டமான செராமிக்காக இருந்தால் டிசி வோல்டேஜ் ஏற ஏற இன்னும் குறையும். சார்ஜ் பம்ப் மின்னோட்டம் 30% கூடினால் மூன்றும் சேர்ந்து 2 ஆம்பியரை ஏறக்குறைய 3.5 ஆம்பியராக்கிவிடும். டிபிக்கல் மதிப்பை மட்டும் வைத்து ஓட்டிய எந்த அழகான அலைவடிவமும் இதைக் காட்டாது.

தாளிலேயே தெரியும் இன்னொரு விஷயம் பலருக்கு எட்டுவதில்லை. கெப்பாசிட்டரை 0-விலிருந்து 24 வோல்ட்டுக்கு ஏற்றும்போது வழியில் வெப்பமாகப் போகும் ஆற்றல், அதில் சேமிக்கப்படும் ஆற்றலுக்குச் சமம்: நம் கணக்கில் 0.63 ஜூல். மெதுவாக ஏற்றினாலும் வேகமாக ஏற்றினாலும் அது மாறாது. மாறுவது அதை யார் சுமக்கிறார்கள் என்பது. மாஸ்ஃபெட் சட்டென முழுதாக ஆன் ஆனால், மொத்த வழி ரெசிஸ்டன்ஸ் 100 மில்லி ஓமில் அதன் பங்கு 10 மில்லி ஓம் என்றால், ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அதன் தலையில் விழும். மீதி வயரிலும் கனெக்டரிலும் கெப்பாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸான ஈஎஸ்ஆரிலும் போகும். கேட்டை மெதுவாக ஏற்றினால் ஏறக்குறைய மொத்த 0.63 ஜூலும் மாஸ்ஃபெட்டுக்குள்தான். இப்படி மெதுவாக ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட், சப்ளையையும் கனெக்டரையும் கெப்பாசிட்டரையும் காப்பாற்றுகிறது. அந்தச் சுமையை அப்படியே சுவிட்சிடம் கொடுக்கிறது. அதனால்தான் மின்னோட்டத்தை அடக்கியவுடன் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. இரண்டாவது கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

பொது ஸ்பைஸ்: சுவிட்சை விடச் சுற்றுப்புறம் முக்கியம்

எல்டிஸ்பைஸ், கைகேடுக்குள் வரும் என்ஜிஸ்பைஸ், 2023-இல் வந்த கியூஸ்பைஸ் என்று இலவசமாகவே நல்ல கருவிகள் உண்டு. இன்ரஷ் வேலைக்கு இவற்றுக்குள் எதைத் தேர்ந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை என்பது என் கணிப்பு. நாம் வரையும் சர்க்யூட்டில்தான் வேறுபாடு.

சாஃப்ட் ஸ்டார்ட் இல்லாத நிலையை எடுத்துக்கொள்வோம். 24 வோல்ட் ஐடியல் சோர்ஸ், 100 மில்லி ஓம், 2200 மைக்ரோஃபாரட் என்று மட்டும் வரைந்தால் உச்சம் 240 ஆம்பியர் வரும். இரண்டு மீட்டர் வயருக்கு ஏறக்குறைய 2 மைக்ரோஹென்ரி இண்டக்டன்ஸ் சேர்த்துவிட்டால் உச்சம் சுமார் 200 ஆம்பியராக இறங்கி, 55 மைக்ரோ செகண்டில் வரும். ரெசிஸ்டன்ஸை இன்னும் குறைத்தால் அதே இண்டக்டன்ஸ் அவுட்புட் வோல்டேஜை 24-க்கு மேலே தூக்கி எறியும். உண்மையான சப்ளையோ 200 ஆம்பியரைத் தராது. 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் பவர் சப்ளை) என்றால் அது கரண்ட் லிமிட்டுக்குப் போய் வோல்டேஜைக் கீழே போட்டுவிடும். அதே லைனில் தொங்கும் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகும். ஐடியல் வோல்டேஜ் சோர்ஸை வைத்து ஓட்டினால் இது ஒருபோதும் திரையில் வராது. மாஸ்ஃபெட் மாடலைத் தேடி ஒரு நாள் செலவழிப்பவர், சப்ளைக்கு ஒரு உள் ரெசிஸ்டன்ஸும் கரண்ட் லிமிட்டும் போட ஐந்து நிமிடம் ஒதுக்காமல் விட்டுவிடுகிறார்.

ஓட்டும் முறையிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. ஸ்பைஸ் முதலில் டிசி ஆப்பரேட்டிங் பாயின்ட்டைக் கணக்கிட்ட பிறகுதான் நேரத்தை ஓட்டத் தொடங்கும். சுவிட்ச் நேரம் 0-விலேயே ஆன் நிலையில் இருந்தால் கெப்பாசிட்டர் ஏற்கெனவே 24 வோல்ட்டில் நிற்கும், இன்ரஷே இருக்காது. சப்ளையைப் பல்ஸாக ஏற்றுங்கள், அல்லது சுவிட்சை ஒரு மில்லி செகண்ட் தாமதித்து ஆன் செய்யுங்கள். அடுத்தது டைம் ஸ்டெப். 30 மில்லி செகண்ட் ஓட்டத்தில் 55 மைக்ரோ செகண்ட் உச்சத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் அதிகபட்ச ஸ்டெப்பை ஒரு மைக்ரோ செகண்டுக்கு மேல் விடக் கூடாது.

பொது ஸ்பைஸில் எனக்கு மிகவும் பயன்படுவது, நினைத்ததை உடனே மாற்றிப் பார்க்கும் சுதந்திரம். பி-சேனல் மாஸ்ஃபெட்டில் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் போட்டுவிட்டு சாஃப்ட் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று நம்பும் வடிவமைப்புகள் நிறைய. ஓட்டிப் பாருங்கள்: ஆன் ஆகும் நேரம் தள்ளிப்போகும், ஆனால் த்ரெஷோல்டை (மாஸ்ஃபெட் திறக்கத் தொடங்கும் கேட் வோல்டேஜ்) தாண்டியதும் அவுட்புட் பாய்ந்து ஏறும். அதே கெப்பாசிட்டரை கேட்டுக்கும் டிரெயினுக்கும் நடுவில் மாற்றினால் சரிவு சீராகும். இந்த வேறுபாட்டைக் காண எந்தத் தயாரிப்பாளரின் மாடலும் தேவையில்லை.

இணையாக இரண்டு மாஸ்ஃபெட் வைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே மாடலை இரண்டு முறை வைத்து ஓட்டினால் மின்னோட்டம் சரிபாதியாகப் பிரியும். அது பொய். முழுதாக ஆன் ஆன பிறகுதான் இரண்டும் பகிர்ந்துகொள்ளும். கேட் மெதுவாக ஏறும்போது த்ரெஷோல்ட் குறைவாக உள்ள மாஸ்ஃபெட்தான் முதலில் திறந்து, ஏறக்குறைய எல்லாவற்றையும் தனியே சுமக்கும். டேட்டாஷீட்டில் த்ரெஷோல்ட் 2 முதல் 4 வோல்ட் வரை என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கேட்டின் வரிசையில் 0.5 வோல்ட் சோர்ஸ் ஒன்றைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். பாதிப் பாதி என்ற கணக்கு அங்கேயே கலைந்துவிடும். இன்ரஷைப் பொறுத்தவரை எத்தனை மாஸ்ஃபெட் இணையாக இருந்தாலும் ஒன்றே ஒன்று இருப்பதாகத்தான் கணக்குப் போட வேண்டும்.

மூன்றாவது கேள்வி: லோடு விழித்துக்கொள்ளும்போது

ஒப்பீடுகளில் அதிகம் விடுபடுவதும், களத்தில் அதிகம் தொல்லை தருவதும் இதுதான். சிமுலேஷனில் லோடை ஒரு ரெசிஸ்டராக வைப்பது வழக்கம். 24 ஓம் வைத்தால் முழு வோல்டேஜில் 1 ஆம்பியர். ஏறும் வழியில் சுவிட்சில் கூடும் ஆற்றல் 0.1 ஜூல்தான். கவலையில்லை என்று தோன்றும்.

உண்மையில் அந்தப் போர்டில் இருப்பது டிசி-டிசி கன்வெர்ட்டர். அது 24 வாட் எடுக்கிறது, வோல்டேஜ் எதுவாக இருந்தாலும் 24 வாட். அதன் அண்டர்வோல்டேஜ் லாக்அவுட், அதாவது அதற்குக் கீழே கன்வெர்ட்டர் இயங்காத எல்லை, 9 வோல்ட் என்று வைப்போம். அவுட்புட் 9 வோல்ட்டைத் தொடும் கணத்தில் கன்வெர்ட்டர் விழித்து 2.67 ஆம்பியர் கேட்கும். கேட் சரிவு முறையில் சுவிட்ச் அதையும் தந்துவிடும்: கெப்பாசிட்டருக்கு 2, கன்வெர்ட்டருக்கு 2.67, மொத்தம் 4.67 ஆம்பியர். அப்போது சுவிட்சின் குறுக்கே இன்னும் 15 வோல்ட் நிற்கிறது. 70 வாட். தொடக்கத்தில் இருந்த 48 வாட்டை விட அதிகம். அதுவும் மாஸ்ஃபெட் ஏற்கெனவே 10 மில்லி செகண்ட் சூடான பிறகு. மொத்த ஆற்றல் 0.63 ஜூலிலிருந்து 0.86 ஜூலாகிவிடும்.

இதையே கரண்ட் லிமிட் முறையில் பாருங்கள். சுவிட்ச் 2 ஆம்பியருக்கு மேல் தராது. கன்வெர்ட்டருக்கு 2.67 வேண்டும். பற்றாக்குறையை கெப்பாசிட்டர் ஈடுகட்டும், அதன் வோல்டேஜ் இறங்கும், கன்வெர்ட்டர் லாக்அவுட்டுக்குப் போய்த் தூங்கும், கெப்பாசிட்டர் மறுபடி ஏறும், கன்வெர்ட்டர் மறுபடி விழிக்கும். 9 வோல்ட் பக்கத்திலேயே இது சுற்றிச் சுற்றி வரும். சுவிட்சில் 30 வாட் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும், தெர்மல் ஷட்டவுன் ஆகும்வரை. லோடு ஒருபோதும் ஸ்டார்ட் ஆகாது. பெஞ்சில் கன்வெர்ட்டரின் அவுட்புட்டில் லோடு இல்லாமல் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்திருக்கும்; முழு லோடு போட்ட அன்றுதான் தெரியவரும்.

இதைப் பிடிக்கப் பொது ஸ்பைஸே சிறந்த இடம். ஒரு பிஹேவியரல் கரண்ட் சோர்ஸ்: பவரை வோல்டேஜால் வகுத்து, 9 வோல்ட்டுக்குக் கீழே 0, ஒரு வோல்ட் ஹிஸ்டெரிசிஸ் (ஆன், ஆஃப் எல்லைகளுக்கு இடையிலான இடைவெளி). நான்கைந்து வரி. தீர்வும் எளிது, அவுட்புட் முழுதாக ஏறும்வரை கன்வெர்ட்டரின் எனேபிள் பின்னைப் பவர்-குட் சிக்னலால் பிடித்து வையுங்கள். ஆனால் பவர்-குட் என்பது அவுட்புட் வோல்டேஜை மட்டும் பார்க்கக் கூடாது. அவுட்புட் 24-ஐத் தொட்ட பிறகும் நம் 22 நானோஃபாரட் கேட் இன்னும் ஏழு வோல்ட் போல ஏற வேண்டியிருக்கும். அதற்கு மேலும் 7 அல்லது 8 மில்லி செகண்ட் ஆகும். அதுவரை மாஸ்ஃபெட்டின் ஆன் ரெசிஸ்டன்ஸ் டேட்டாஷீட்டில் போட்ட அளவுக்கு இறங்கியிருக்காது.

பல்பு லோடு என்றால் கதை வேறு. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் எரியும் நிலையில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழ். 55 வாட் ஹெட்லைட் 12 வோல்ட்டில் சாதாரணமாக 4.6 ஆம்பியர் எடுக்கும். தொடக்கத்தில் அதைப்போல் பத்து மடங்கு பாய்ந்து, சில பத்து மில்லி செகண்டுகளில் தணியும். இதற்கு இழையின் வெப்பநிலையை ஒரு நோடாக வைத்து ரெசிஸ்டன்ஸை அதோடு கட்டினால் போதும். மோட்டாருக்கு இன்னும் சுலபம்: ரோட்டர் சுற்றத் தொடங்கும்வரை அது வெறும் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ்தான்.

தயாரிப்பாளரின் மாடல்

இன்ஃபினியனின் புரோஃபெட், எஸ்டியின் விஐபவர், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஎஸ்1எச் வரிசை போன்ற ஸ்மார்ட் ஹை-சைட் சுவிட்சுகளில் மாஸ்ஃபெட், டிரைவர், கரண்ட் லிமிட், வெப்பப் பாதுகாப்பு எல்லாம் ஒரே பேக்கேஜுக்குள். கேட் வெளியே வராததால் 22 நானோஃபாரட் வித்தை இங்கே செல்லாது. சிப்பின் கரண்ட் லிமிட்டும் வெப்பப் பாதுகாப்பும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் இன்ரஷைத் தீர்மானிக்கும். அதை நாமே ஸ்பைஸில் கற்பனை செய்து எழுதுவதில் பொருளில்லை. இங்கே தயாரிப்பாளரின் மாடலுக்கு மாற்று கிடையாது.

ஆனால் அந்த மாடலைத் திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஃபைலின் தலைப்பில் இருக்கும் குறிப்பைப் படிப்பது. எதையெல்லாம் மாடலில் சேர்த்திருக்கிறார்கள், எதையெல்லாம் சேர்க்கவில்லை என்று பெரும்பாலும் அங்கே எழுதியிருக்கும். கரண்ட் லிமிட் உண்டு, தெர்மல் ஷட்டவுன் இல்லை என்று இருந்தால், நம் 9 வோல்ட் சுழற்சி அந்த மாடலில் முடிவில்லாமல் ஓடும். உண்மையான சிப் எப்போது அணையும் என்று அது சொல்லாது. பெரும்பாலான மாடல்கள் 25 டிகிரியில் டிபிக்கல் மதிப்புகளை மட்டுமே தாங்கி நிற்கும். கரண்ட் லிமிட்டின் குறைந்த எல்லையில்தான் லோடு ஸ்டார்ட் ஆகாமல் போகும், கூடுதல் எல்லையில்தான் சப்ளை சரியும். இரண்டு எல்லைகளும் மாடலில் இல்லாவிட்டால் டேட்டாஷீட்டின் மினிமம், மேக்சிமம் பத்திகளை எடுத்துக்கொண்டு தாளுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பூட்டிய மாடல்களின் தொல்லை இன்னொன்று. பிஸ்பைஸுக்காக என்கிரிப்ட் செய்த ஃபைல் எல்டிஸ்பைஸில் ஓடாது. சுவிட்ச் ஒரு கம்பெனி, டிசி-டிசி கன்வெர்ட்டர் இன்னொரு கம்பெனி என்றால் இரண்டின் மாடலையும் ஒரே ஷீட்டில் வைக்க முடியாமல் போகலாம். அப்போது எதைத் தியாகம் செய்வது? கன்வெர்ட்டரை. அது தொடக்கத்தில் எவ்வளவு இழுக்கும் என்பதை ஒரு கரண்ட் சோர்ஸால் சொல்லிவிடலாம்; ஸ்மார்ட் சுவிட்சின் பாதுகாப்புச் செயல்களை அப்படிச் சொல்ல முடியாது.

வெப்பம்: சுவிட்ச் தாங்குமா

ஸ்பைஸ் 1973-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகலின் கையில் ஐசி வடிவமைப்புக்காகப் பிறந்தது. அந்த மரபில் ஒரு ஓட்டம் முழுதும் எல்லா டிவைஸும் ஒரே வெப்பநிலையில் நிற்கும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 27 டிகிரி. சாதாரண மாஸ்ஃபெட் மாடலுக்குள் 70 வாட்டை ஒரு மணி நேரம் ஊற்றினாலும் அது 27 டிகிரியிலேயே சிரித்துக்கொண்டு நிற்கும். திரையில் எதுவும் எரியவில்லை என்பதால் பெஞ்சிலும் எரியாது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எலெக்ட்ரோ-தெர்மல் மாடல்கள் இந்த இடைவெளியை நிரப்புகின்றன. இன்ஃபினியனின் எல்3 வகை மாடல்களில் ஜங்ஷன் (உள்ளே இருக்கும் சிலிக்கன்), கேஸ் (வெளி உறை) இரண்டின் வெப்பநிலைக்கும் தனிப் பின்கள் உண்டு. வோல்ட்டை டிகிரியாகப் படித்துக்கொள்ளலாம். எல்டிஸ்பைஸில் வரும் எஸ்ஓஏதெர்ம் மாடல்கள் டையின் (சிலிக்கன் துண்டின்) மிகச் சூடான புள்ளியை மதிப்பிடுகின்றன. நாமே கட்டுவதானால் டேட்டாஷீட்டின் தெர்மல் இம்பீடன்ஸ் (ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறும் என்பது) வளைவிலிருந்து, ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் தொடரான ஆர்சி ஏணி ஒன்றை எடுக்கலாம். அதில் ஃபாஸ்டர் வடிவம் வளைவோடு பொருந்தும், ஆனால் அதன் நோடுகளுக்கு உடல் கிடையாது. அதன் வாலில் போர்டையோ ஹீட்சிங்கையோ ஒட்டினால் விடை தவறும். ஒட்ட வேண்டுமென்றால் காவர் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தேவையா என்பதைத் தாளே சொல்லிவிடும். நம் கேட் சரிவில் பவர் 48 வாட்டில் தொடங்கி நேர்கோட்டில் 0-க்கு இறங்குகிறது. சில பத்து மில்லி செகண்டுகளுக்குள் தெர்மல் இம்பீடன்ஸ் நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும் என்று கொண்டால், டை மிகவும் சூடாவது தொடக்கத்தில் அல்ல, சரியாகப் பாதி வழியில். அப்போதைய ஏற்றம், 48 வாட் முழு நேரமும் நின்றிருந்தால் வந்திருக்கும் ஏற்றத்தில் 0.47 பங்கு. 26 மில்லி செகண்டில் இம்பீடன்ஸ் வாட்டுக்கு 0.8 டிகிரி என்று வைத்தால் 18 டிகிரி ஏற்றம். மின்னோட்டத்தை ஐந்து மடங்காக்கி 10 ஆம்பியரில் சார்ஜ் செய்தால் அதே 0.63 ஜூலுக்கு 40 டிகிரி. வேகம் கூடினால் வெப்ப ஏற்றம் அதன் வர்க்கமூலமாகக் கூடுகிறது. இந்தக் கணக்கில் மெதுவாகப் போவதே எப்போதும் நல்லது போலத் தெரியும்.

அப்படி இல்லை என்பதுதான் இந்த விஷயத்தின் ஆபத்தான மூலை. குறைந்த மின்னோட்டம், அதிக வோல்டேஜ், நீண்ட நேரம்: இந்த மூன்றும் சேரும் இடத்தில் மாஸ்ஃபெட்டின் வெப்பக் குணம் தலைகீழாகிறது. டையில் ஓரிடம் சற்றுக் கூடுதலாகச் சூடானால் அங்கே த்ரெஷோல்ட் இறங்கும், அதனால் அங்கே இன்னும் மின்னோட்டம் கூடும், இன்னும் சூடாகும். நாப்போலியின் பாவ்லோ ஸ்பிரிட்டோ பெயரால் இதை ஸ்பிரிட்டோ விளைவு என்கிறார்கள். ஆன் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைந்த நவீன டிரெஞ்ச் மாஸ்ஃபெட்டுகளில் இது மோசம். டை முழுவதும் ஒரே வெப்பநிலை என்று கொள்ளும் எலெக்ட்ரோ-தெர்மல் மாடல் 18 டிகிரி என்று சொல்லும். ஒரு புள்ளி உருகிக்கொண்டிருக்கும்.

ஆகவே இந்தக் கேள்விக்கு இறுதி வார்த்தை டேட்டாஷீட்டின் எஸ்ஓஏ (பாதுகாப்பாக இயங்கும் எல்லை) வரைபடத்துக்குத்தான், மாடலுக்கு அல்ல. இறங்கும் முக்கோணப் பல்ஸை அதே உயரமும் பாதி நேரமும் உள்ள செவ்வகமாக மாற்றுங்கள்: 24 வோல்ட், 2 ஆம்பியர், 13 மில்லி செகண்ட். வரைபடம் 25 டிகிரி கேஸுக்கு. உங்கள் போர்டு 85 டிகிரியில் ஓடி, ஜங்ஷன் உச்சம் 175 என்றால், 0.6-ஆல் பெருக்க வேண்டும். அதாவது வரைபடத்தில் 24 வோல்ட்டில், 10 மில்லி செகண்ட் கோட்டுக்கும் 100 மில்லி செகண்ட் கோட்டுக்கும் இடையே, 3.3 ஆம்பியருக்கு மேல் இடம் இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் நடுவில் விழித்துக்கொள்ளும் 4.67 ஆம்பியரைச் சேர்த்தால் இன்னும் மேலே. வலப்பக்கக் கோடுகள் ஓரிடத்தில் முறிந்து செங்குத்தாகச் சரிகின்றனவா என்று பாருங்கள். அந்த முறிவுதான் ஸ்பிரிட்டோவின் தடம். 10 மில்லி செகண்டுக்குக் கீழே உள்ள கோடுகளை மட்டும் போட்டு, டிசி கோட்டை விட்டுவிட்ட டேட்டாஷீட் என்றால் அந்த மாஸ்ஃபெட்டை மெதுவான சாஃப்ட் ஸ்டார்ட்டுக்கு எடுக்காதீர்கள். எல்எம்5069 போன்ற ஹாட்-ஸ்வாப் கன்ட்ரோலர்கள் (பவர் இருக்கும்போதே போர்டைச் செருக உதவும் சிப்புகள்) மின்னோட்டத்தோடு பவரையும் கட்டுப்படுத்துவது இந்த வரைபடத்துக்குள் நிற்பதற்காகத்தான்.

எதை எடுப்பது

தனி மாஸ்ஃபெட்டும் கேட் கெப்பாசிட்டரும் என்றால் நான் கைக்கணக்கையும் பொது ஸ்பைஸையும் எடுப்பேன், எஸ்ஓஏ வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எலெக்ட்ரோ-தெர்மல் மாடலுக்குப் போவது, எஸ்ஓஏ எல்லைக்கும் நம் புள்ளிக்கும் இடையில் இரண்டு மடங்கு இடைவெளி இல்லாதபோதும், ஆன்-ஆஃப் அடுத்தடுத்து வந்து வெப்பம் சேரும் இடங்களிலும் மட்டும். ஸ்மார்ட் சுவிட்ச் என்றால் தயாரிப்பாளரின் மாடல். அது தெர்மல் ஷட்டவுனைக் காட்டாவிட்டால் நேரே எவாலுவேஷன் போர்டு. மாடலைச் சரிக்கட்டி வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை விட அது மலிவு.

எந்த வழியானாலும் இன்னொரு ஓட்டத்தை விடக் கூடாது: சாஃப்ட் ஸ்டார்ட்டுக்காகப் போட்ட அதே 22 நானோஃபாரடோடு அவுட்புட்டை ஷார்ட் செய்து பாருங்கள். ஆன் ஆவதை மெதுவாக்கிய கெப்பாசிட்டர் ஆஃப் ஆவதையும் மெதுவாக்கும். ஷார்ட் வந்தபின் கேட் இறங்க எடுக்கும் ஒவ்வொரு மைக்ரோ செகண்டிலும் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும். கேட் கெப்பாசிட்டரோடு வரிசையில் ஒரு கிலோ ஓம் போல ஒரு ரெசிஸ்டர் வைத்தால் டிரைவர் கேட்டைத் தனியாக இழுத்து அணைத்துவிடும். இன்ரஷ் ஓட்டத்தில் இந்த ரெசிஸ்டரால் எந்த மாற்றமும் தெரியாது. அதனால்தான் இன்ரஷை மட்டும் சிமுலேட் செய்பவர்கள் அதைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

பெஞ்சில் சரிபார்க்கும்போது உச்ச மின்னோட்டத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஆஸிலோஸ்கோப்பில் சுவிட்சின் குறுக்கே உள்ள வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் பெருக்கி, நேரத்தோடு கூட்டி எடுங்கள். லோடு விழிக்காத நிலையில் 0.63 ஜூல் பக்கம் வர வேண்டும். 0.85 வந்தால் கன்வெர்ட்டர் நடுவில் எழுந்திருக்கிறது. 0.75 வந்தால் கெப்பாசிட்டர் தன் வரம்பின் மேல் எல்லையில் இருக்கலாம். மின்னோட்டத்தை அளக்க ஷன்ட் வைப்பதாக இருந்தால், சாஃப்ட் ஸ்டார்ட் இல்லாத 100 மில்லி ஓம் வழியில் 10 மில்லி ஓம் ஷன்ட்டே உச்சத்தை மாற்றிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அதே 10 மில்லி ஓமைச் சிமுலேஷனிலும் சேர்த்து ஓட்டிவிட்டு ஒப்பிடுங்கள். ஹை-சைடில் சாதாரண புரோபின் கிரவுண்ட் கிளிப்பை மாட்டுவது 24 வோல்ட்டை ஸ்கோப் வழியாக எர்த்துக்கு ஷார்ட் செய்வதாகும். டிஃபரன்ஷியல் புரோபோ கரண்ட் புரோபோ இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.